காப்பாற்றியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரோல் மோரிஸ் இயக்கிய 'தி தின் ப்ளூ லைன்' (1988) ஆவணப்படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ் நிரபராதி என்று கண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்ததாக நடுவில் ஒரு வரி வருகிறது. அது தவறு. சின்னத் தவறுதானே என்று விட மனம் வரவில்லை. வழக்கின் உயிர்நாடியே அந்த வரியில்தான் இருக்கிறது.

1976 நவம்பர் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் முகப்பு விளக்கு போடாமல் வந்த காரை நிறுத்தினார் ராபர்ட் வுட் என்ற போலீஸ்காரர். காரை ஓட்டியவனிடம் பேசப் போனவரைச் சுட்டுவிட்டுக் கார் பறந்துவிட்டது. அது திருட்டுக் கார். திருடியவன் டேவிட் ஹாரிஸ், வயது 16. ஊர் திரும்பியதும் டாலஸில் ஒரு போலீஸ்காரனைச் சுட்டேன் என்று சிநேகிதர்களிடம் பீற்றிக்கொண்டான். பிடிபட்டதும் பேச்சு மாறியது: சுட்டது நானில்லை, பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றவரை ஏற்றிக்கொண்டேன், அவர்தான். அந்த அவர், எந்தக் குற்றப் பதிவும் இல்லாத ஆடம்ஸ். டெக்சாஸ் சட்டப்படி 16 வயதுப் பையனுக்கு மரண தண்டனை தர முடியாது. 28 வயது ஆடம்ஸுக்குத் தரலாம். 1977இல் தந்தார்கள்.

நிறைவேற்ற 1979 மே 8 என்று நாளும் குறித்தாயிற்று. மூன்று நாள் முன்னால் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பவல் தடை விதித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. காரணம், தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்களான ஜூரிகளைப் பொறுக்கியெடுத்த முறை. மரண தண்டனை வரக்கூடும் என்ற எண்ணம் என் முடிவைப் பாதிக்காது என்று ஒவ்வொரு ஜூரியும் சத்தியம் செய்ய வேண்டுமாம். மாட்டேன் என்றவர்களை விலக்கிவிட்டார்கள். அது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது தீர்ப்பு. ஆடம்ஸ் சுட்டாரா இல்லையா என்ற பேச்சையே அது எடுக்கவில்லை. யாரோ சிலர் சத்தியம் செய்யத் தயங்கினார்கள், இவர் பிழைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். தண்டனை போனதும் மறுவிசாரணை வந்திருக்க வேண்டும். வராமல் பார்த்துக்கொண்டார்கள். டெக்சாஸ் ஆளுநர் பில் கிளமென்ட்ஸ் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். குறையே நீங்கிவிட்டது, இனி மறுவிசாரணை எதற்கு என்றது மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம். கருணை என்ற பெயரில் கதவைச் சாத்திவிட்டார்கள். சாட்சிகளை இன்னொரு முறை கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாமல் போனது. அவர்களில் ஒரு பெண், போலீஸ் நடத்திய அடையாள அணிவகுப்பில் வேறு ஆளைக் காட்டியவர். நீதிமன்றத்தில் மட்டும் ஆடம்ஸைப் பிசகாமல் காட்டினார்.

கொலைக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டியது படத்தின் பலவீனம் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதுதான் படமே. வுட்டுடன் ரோந்து வந்த பெண் போலீஸின் கையிலிருந்த மில்க் ஷேக் காற்றில் மெல்லச் சுழன்று தரையில் விழுந்து சிதறுகிறது. வெடிச் சத்தம் கேட்டபோது அவர் விதிப்படி காருக்கு வெளியே நின்றாரா, உள்ளேயே உட்கார்ந்திருந்தாரா? அந்தக் கோப்பைக்குள் இருப்பது இந்தக் கேள்வி. ஒவ்வொரு முறையும் காட்சி கொஞ்சம் மாறுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வேறொருவரின் வாக்குமூலம் நடிக்கப்படுகிறது. நடந்தது இதுதான் என்று படம் எங்கும் சொல்வதில்லை.

நான் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சி எச்சில் விழுங்கி, "வந்துங்கய்யா... இருட்டு... அவர் மாதிரிதான் இருந்துச்சு" என்பார். நீதிபதி சொல்லச் சொல்ல நான் தட்டியது: "நான் எதிரியைப் பார்த்தேன்." எச்சிலுக்கும் இருட்டுக்கும் தாளில் இடமில்லை. மோரிஸ் செய்தது, அந்த இருட்டைத் தாளுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததுதான்.

மோரிஸ் டெக்சாஸுக்குப் போனதே ஆடம்ஸுக்காக அல்ல. 'டாக்டர் டெத்' என்று பெயரெடுத்த மனநல மருத்துவர் ஜேம்ஸ் கிரிக்ஸனைப் படமெடுக்கப் போனார். மரண தண்டனை தருமுன், ஒருவர் இனியும் வன்முறையில் இறங்குவாரா என்று அங்கே ஜூரிகள் முடிவு செய்தாக வேண்டும். நிச்சயம் இறங்குவார் என்று நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகளில் சாட்சி சொன்னவர் அவர். ஆடம்ஸைச் சிறிது நேரமே பார்த்தார். சில படங்களை வரையச் சொன்னார். உருளுகிற கல்லில் பாசி பிடிக்காது என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டார். பழமொழிக்குப் பொருள் சொல்லி உயிரை நிரூபிக்க வேண்டியிருக்கிறது! 1995இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் கிரிக்ஸனை வெளியேற்றியது. ஆபத்தானவர் என்று அவர் சொன்ன ஆடம்ஸ் யாரையும் தொடவில்லை. அரசுத் தரப்பு நம்பிய ஹாரிஸோ 1985இல் இன்னொருவரைக் கொன்றான்.

கடைசிப் பேட்டியில் மோரிஸின் கேமரா பழுதாகிவிட்டது. அதனால் திரையில் ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும் சுழல்கிறது. ஆடம்ஸ் நிரபராதி என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரிந்தவன் நான்தானே என்கிறது ஹாரிஸின் குரல். 1989 மார்ச்சில் தீர்ப்பு ரத்தாகி ஆடம்ஸ் வெளியே வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போயிருந்தன, நஷ்டஈடு கிடைக்கவில்லை. 1979இல் அந்தத் தடை வந்திராவிட்டால் இந்தப் படம் யாரைப் பற்றி எடுக்கப்பட்டிருக்கும்?

ஹாரிஸுக்கு 2004 ஜூன் 30 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, அந்த 1985 கொலைக்காக. வுட்டைக் கொன்றதாக அவன்மீது வழக்கே போடப்படவில்லை. மூன்று பக்கக் கட்டுரையில் ராபர்ட் வுட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை; "ஒரு போலீஸ்காரர்" என்றே இருக்கிறது. திருத்தம் போடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்