லாலியின் படைக்கும் சிவப்புச் சட்டைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிப் போரைப் பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடிப் பார்ப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் இரண்டு வாரத்தில் இரு படைக்கும் வண்ணம் தீட்டிவிடலாம் என்று அதில் எழுதியிருப்பதை நம்பி இறங்குகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பக்கம் ஏறக்குறைய 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி பக்கம் 2,250 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள். 20 பேருக்கு ஒரு பொம்மை என்றால் 377 பொம்மைகள். 15 மி.மீ. பொம்மை ஒன்றுக்குக் கை பழகியவருக்கே 20 நிமிடம் ஆகும். மொத்தம் 125 மணி நேரத்தைத் தாண்டும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டு மாதம். 40 பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும், ஆட்டத்தின் சுவை குறையாது. ஐரோப்பியருக்கு ஒரு கணக்கு, சிப்பாய்களுக்கு வேறொரு கணக்கு என்று மட்டும் போகவேண்டாம். அணியின் அகலம் மாறினால் அதன் சுடும் வலுவும் மாறிவிடும்.

கட்டுரையோடு வந்த படத்தில் பிரெஞ்சுக்காரர் அனைவருக்கும் வெள்ளைச் சட்டை. லொரேன் என்ற பிரெஞ்சுக் காலாட்படைக்கு அது சரி. லாலியின் சொந்தப் படை அயர்லாந்துக்காரர்களுடையது. பிரெஞ்சு மன்னரிடம் வேலை பார்த்த ஐரிஷ் படைகளின் சட்டை சிவப்பு. எதிரே நிற்கும் ஆங்கிலேயருக்கும் சிவப்பு. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் யார் எவர் என்றே தெரியாது. தொப்பியில் குத்தும் நாடாப்பூதான் கைகொடுக்கும்: பிரெஞ்சுப் படைக்கு வெள்ளை, ஆங்கிலேயருக்குக் கறுப்பு. நுனி பிரஷ்ஷால் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

உலோகப் பொம்மைகளை முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். வார்ப்பு அச்சின் எண்ணெய் ஒட்டியிருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) உரிந்து வரும். ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சுக்கோடுகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள். கறுப்பு பிரைமர் மேல் வெள்ளைச் சட்டை தீட்டினால் நாலு பூச்சு போட்டாலும் கறுப்பு எட்டிப் பார்க்கும். லொரேன் படைக்கு வெளிர் சாம்பல் பிரைமர் அடித்து, மடிப்புகளின் மேட்டில் மட்டும் வெள்ளை தொட்டால் நன்றாக இருக்கும். அக்ரிலிக்கைப் புட்டியிலிருந்து அப்படியே எடுத்துப் பூசாமல் பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்து இரண்டு முறை பூசவேண்டும். கெட்டியாகப் பூசினால் பித்தான், முகம் எல்லாம் மூடிப்போகும்.

நம் ஊரில் அதிகம் பேர் கோட்டைவிடுவது கடைசிப் படியில். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மேட் வார்னிஷை (பளபளக்காத மேற்பூச்சை) ஸ்ப்ரே செய்தால் பொம்மை முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் புட்டி வார்னிஷை பிரஷ்ஷால் பூசுவதே பத்திரம். புட்டியை நன்றாகக் குலுக்கவேண்டும்; பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில் தங்கிவிட்டால் மேட் வார்னிஷும் மினுங்கும். ஏற்கெனவே வெளுத்துப்போனவற்றின் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். அது காய்ந்த பின் மறுபடி மேட்.

ஆட வரும்போது பொம்மைகளின் அடித்தட்டில் சிறு காந்தம் ஒட்டி டப்பாவில் நிறுத்திக் கொண்டுவந்தால் துப்பாக்கி முனைகள் ஒடியாது. எவர்சில்வர் டப்பாக்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. பழைய முறுக்கு, பிஸ்கட் தகர டப்பாவே மேல்.

இனி ஆட்டம். ஆறடிக்கு நாலடி மேசை போதும். இங்கிலாந்தில் விற்கும் பச்சைப் புல் விரிப்பை அப்படியே விரித்துவிடாதீர்கள். பிரெஞ்சு இடப்புறத்துக்கு முன்னே அரண் கட்டிய வறண்ட ஏரி இருந்தது, அதன் கரை மேசையில் இருந்தே ஆகவேண்டும். அங்கேதான் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டடிபட்டு வெடித்து அந்தப் பக்கமே கலகலத்தது. வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிரெஞ்சுப் பக்கம் ஆடுபவர் ஆட்களை வேறு இடத்தில் நிறுத்திவிடுவார். அதனால் நடுவர் ஒவ்வொரு சுற்றிலும் மறைவாக இரண்டு பகடை உருட்டி, 11 அல்லது 12 விழுந்தால் வெடித்தது என்று அறிவிக்கட்டும். பத்துச் சுற்றில் அது ஒருமுறையாவது விழும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்.

மராட்டியக் குதிரைப்படையை பிரெஞ்சுக் கணக்கில் சேர்க்கவேண்டாம். சுமார் 3,000 பேர் வந்திருந்தும் அன்று அவர்கள் சண்டையில் இறங்கவில்லை. மேசை ஓரத்தில் நாலைந்து குதிரைகளை நிறுத்தி வையுங்கள். கூட் பக்கம் ஆடுபவர் ஒரு கண்ணை அங்கேயே வைத்திருப்பார்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை