ரேஷனில் கிடைக்கும் பார்வை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் பிறந்ததை நீ போனில் சொன்னது நேற்றுப்போல இருக்கிறது. இங்கே பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அல்சூரிலேயே வேறு வீட்டுக்கு மாறியிருக்கிறோம். வாடகை கூடுதல்தான். ஆனால் மெட்ரோவுக்கு நடந்தே போய்விடலாம். தெருவில் பாதிப் பேர் நம் ஆட்கள் என்பதால் அம்மா வந்து தங்கினாலும் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்கு மட்டும் டேங்கர் லாரியை நம்பித்தான் இருக்கிறோம்.

சரி, 'அயர்ன் லங்' என்ற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்லித்தான் வாங்கினாய். வாங்கி முடித்துவிட்டு, "ஒரு மணி நேரத்தில் முடிந்துபோச்சு, துப்பாக்கி கிடையாது, ஓடி ஒளிய இடம் கிடையாது, இதைப் போய் எப்படி சர்வைவல் ஹாரர், உயிர் பிழைக்கப் போராடும் திகில் விளையாட்டு என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் சண்டையில் முடியும் என்றுதான் எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று பேரை அதன் முன்னால் உட்காரவைத்தேன். ஆபீஸ் நண்பர் செந்தில், அக்கா மகள் நிலா, அப்புறம் கவிதா. நிலா இங்கேதான் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பயந்து வாரக்கடைசியில் வந்துவிடுவாள். நான் விளையாடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பயப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு என்பது உனக்குத் தெரியும்.

செந்தில் உன் கட்சி. நீர்மூழ்கிக்குள் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, "எதிரி எங்கே சார்?" என்றார். கொஞ்ச நேரம் ஓட்டினார், பாறையில் இரண்டு முறை இடித்தார், எழுந்துவிட்டார். காபி குடித்துக்கொண்டே, வேலை முடிந்து வந்த மனுஷனுக்குக் கோணம் பார்த்து வண்டி ஓட்டுவதும் இன்னொரு வேலைதான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்குமான விளையாட்டு இல்லை இது.

நிலா உட்கார்ந்ததும் பேப்பரும் பேனாவும் கேட்டாள். ரத்தக் கடல், வெல்ட் வைத்து அடைக்கப்பட்ட நீர்மூழ்கி, உள்ளே ஒரு கைதி. முன்ஜன்னலையும் மூடியாகிவிட்டது. கையில் இருப்பது ஒரு வரைபடமும் எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்களும் திசைக்கோணமும் மட்டும். அவள் அதையெல்லாம் எழுதிக்கொண்டு, "மாமா, இது கணக்குப் பரீட்சை மாதிரி இருக்கு, தப்பாப் போட்டா செத்துடுவோம்" என்றாள். கவிதா ஓட்டவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெளியே இருப்பதைப் படமெடுத்துக் காட்டும் கேமராவின் பொத்தானுக்கு மட்டும் அவள். நிலா ஓட்டுவாள், குறித்த இடம் வந்ததும் பின்பக்கம் திரும்பி நிற்பாள், கவிதா விரலை நீட்டி அழுத்துவாள். படம் தெரிகிற வரைக்கும் இரண்டு பேரும் மூச்சுவிட மாட்டார்கள். நடுவில் ஒரு உறுமல் கேட்டது. கவிதா, "இது உள்ளேயா, மாடி வீட்டு மோட்டாரா?" என்று கேட்டாள். மோட்டார்தான். ஆனால் அதற்கப்புறம் எது உள்ளே, எது வெளியே என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

இப்போது உன் கேள்வி. 1996இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்' நினைவிருக்கிறதா? சர்வைவல் ஹாரர் என்ற பெயரைப் பரப்பியதே அதுதான். குண்டு குறைவு, மருந்து குறைவு, விளையாட்டை விட்ட இடத்தில் சேவ் செய்யக்கூட டைப்ரைட்டருக்கு மை ரிப்பன் தேடி எடுக்க வேண்டும். வேண்டியதை வேண்டிய அளவுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் அந்த வகையின் அடிப்படை. துப்பாக்கி அதில் ஒரு பொருள், அவ்வளவே. அயர்ன் லங்கில் பார்வையையே ரேஷனில் கொடுக்கிறார்கள். கருப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு படம். அடுத்த படம் எடுக்கும்வரை பழைய படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்த நேரத்தில் வெளியே என்னவோ நகர்ந்திருக்கலாம். இதைவிடக் கஞ்சத்தனமான சர்வைவல் ஹாரரை நான் பார்த்ததில்லை.

நீளத்தைப் பற்றியும் சொல்கிறேன். 'சிக்னாலிஸ்' என்ற சர்வைவல் ஹாரர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஹாம்பர்க்கில் இரண்டே பேர் சேர்ந்து உருவாக்கி 2022இல் வெளியிட்டது. ஒரு நேரத்தில் ஆறு பொருள்தான் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஒவ்வொரு கதவைத் திறக்கவும் கை நடுங்கியது. பாதிக்கு மேல் எந்த எதிரி எத்தனை குண்டுக்கு விழும், எந்த அறையில் எதை வைத்துவிட்டு வரலாம் என்று கணக்கு போட ஆரம்பித்துவிட்டேன். கதைக்காகத்தான் கடைசிவரை போனேன். பயம் எப்போதோ கழன்றுபோயிருந்தது. விதிகள் பிடிபட்டுவிட்டால் பயத்துக்கு அங்கே வேலையில்லை, முத்து. அயர்ன் லங் நமக்கு விதி பிடிபடுகிற நேரம் பார்த்து முடிந்துவிடுகிறது. அதை உருவாக்கிய டேவிட் சிமான்ஸ்கி, 'டஸ்க்' என்று சுட்டுத் தள்ளுகிற விளையாட்டைச் செய்தவர். துப்பாக்கி கொடுக்கத் தெரியாமல் இதை விட்டிருக்கிறார் என்று நினைக்காதே.

2012இல் நம் ஹாஸ்டலில் 'ஸ்லெண்டர்' விளையாட்டு ஓடியதே, மறந்துவிட்டாயா? இலவசம். ஒரு காடு, டார்ச் லைட், எட்டுக் காகிதம். சில நிமிஷங்களில் முகமே இல்லாத ஒரு நெட்டையன் வந்து பிடித்துவிடுவான். அந்த எட்டையும் நம்மில் யாராவது எடுத்து முடித்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் அன்றைக்கு வார்டன் மாடியேறி வந்தது உன் அலறலைக் கேட்டுத்தான். அப்போது நீ நேரக்கணக்கு கேட்கவில்லை.

காசு கொடுத்தால் கேட்பேன் என்பாய். கேள், தப்பில்லை. ஆனால் மணிக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் யாரைக் கொல்கிறது என்றும் பார். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவார்கள். நல்ல விதிதான், என் பழைய லேப்டாப்பில் ஓடாததையெல்லாம் நானே திருப்பியிருக்கிறேன். ஆனால் 2021இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற குட்டித் திகில் விளையாட்டை வெளியிட்ட எமிகா கேம்ஸ், அது 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், பாராட்டி எழுதுபவர்கள்கூட முடித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லி, விளையாட்டு உருவாக்குவதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. அந்த இரண்டு மணிக் கோட்டைத் தாண்டுவதற்காகவே தேவையில்லாத தாழ்வாரங்களையும் சாவி தேடல்களையும் சேர்க்கிறவர்கள் இருப்பார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

நிலாவின் தோழிகள் இன்னொரு வகை. அயர்ன் லங்கை யூட்யூபில் முழுசாகப் பார்த்துவிட்டு "முடிச்சாச்சு" என்கிறார்களாம். யூட்யூப்காரர் மார்க்கிப்ளையர் இதைப் படமாகவே எடுத்துவிட்டார், இனி அப்படிச் சொல்பவர்கள் கூடத்தான் செய்வார்கள். பார்ப்பவனுக்கு அந்தப் பொத்தானை அழுத்தும் பொறுப்பு இல்லையே! கவிதா விரலை நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டதை நீ பார்த்திருக்க வேண்டும்.

2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள் அல்லவா, அந்த வாரத்தில் இதன் விற்பனை எக்கச்சக்கமாக ஏறியது. சிமான்ஸ்கியே அதைப் பார்த்துச் சங்கடப்பட்டு எழுதினார். செந்திலும் அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் முதலில் பெயரைத் தெரிந்துகொண்டாராம்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் பின்கதையைப் பத்தி பத்தியாகத் திணித்திருக்கிறார்கள். நட்சத்திரங்கள் மறைந்துபோன ஒரு பிரபஞ்சம் என்ற ஒற்றை வரியே போதும். கடைசியில் நடப்பதும் கொஞ்சம் எதிர்பார்த்ததுதான், அங்கே உன்னோடு ஒத்துப்போகிறேன். இரண்டாம் முறை ஆடினால் பயம் பாதிகூட இருக்காது என்பதும் உண்மை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, உனக்குப் பட்டால் சண்டைக்கு வரமாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சிக்னாலிஸ் தள்ளுபடியில் வரும்போது வாங்கி, பாதிவரை வந்ததும் எழுது. அப்போதும் பயமாக இருந்தால் என் வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். தீபாவளிக்குக் குடும்பத்தோடு இங்கே வருவதாகச் சொன்னாயே, டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, ரயிலில் இடம் கிடைக்காது. மாமாவுக்கு முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதையும் எழுது.

அன்புடன்,
சரவணன்