சிவப்பு நெயில் பாலிஷுக்கு ஒரு நன்றி

அரங்கம் மறுபடி திறந்துவிட்டது. எங்கள் கண்காட்சியின் களிமண் மனித உருவம் மறுபடி தொங்குகிறது. அன்று அதன் துண்டுகள் உடைந்து அரங்கத்தை மூட வேண்டிவந்தது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், விவரமாகத் திரும்ப எழுதப் போவதில்லை.

முதல் நன்றி, லிஃப்ட் பழுதுபார்க்க வந்த அண்ணனுக்கு. கண்காட்சிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலை முடிந்து கிளம்பியவர் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். "கிளிப்பெல்லாம் மாத்திப் போட்டிருக்கீங்களே" என்றார்.

ஒன்பது மீட்டர் மனித உடல், சுட்ட களிமண் துண்டுகள், 640 கிலோ, 8 மி.மீ. கம்பிக்கயிறு பன்னிரண்டு. கயிற்றின் முனையை மடக்கி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து நட்டால் இறுக்கும் யு-கிளிப் போடும்போது, கிளிப்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் கயிற்றின்மேல் உட்கார வேண்டும்; யு வளைவு, வெட்டிவிட்ட நுனியின் பக்கம். மாறினால் வளைவு பாரக்கயிற்றை நசுக்கி இழைகளைக் கெடுக்கும். ஒழுங்காகப் போட்டாலே அந்த முனை தாங்குவது கயிற்றின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான். 640-ஐப் பன்னிரண்டால் வகுத்து ஆளுக்கு 53 கிலோ என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு. நீளம் கொஞ்சம் பிசகினால் இரண்டு மூன்று கயிறுகளே மொத்தத்தையும் சுமக்கும், மற்றவை சும்மா தொங்கும். நிலையாமையைப் பற்றிய படைப்புதான். அதற்காகக் கிளிப்பிலுமா நிலையாமை!

லிஃப்ட் அண்ணனே சாரத்தில் ஏறினார். முனைக்கு மூன்று கிளிப், இடைவெளி ஐந்து சென்டிமீட்டர், அதாவது கயிற்றின் தடிமனைப் போல ஆறு மடங்கு. பாரம் ஏறியதும் கயிறு கொஞ்சம் மெலியும், நட்டு தளரும் என்று மறுநாள் மாலையும் வந்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கினார். காசு வாங்கவில்லை. பிறகு "யார்கிட்டயாவது நெயில் பாலிஷ் இருக்கா?" என்று கேட்டார். டிக்கெட் கவுன்ட்டர் அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கடைசிக் கிளிப்பையும் கயிற்றையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. கயிறு ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய படைப்புகளை மடக்குவது பெரும்பாலும் சின்ன விஷயம்தான். 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பரப்பிய சுமார் பத்துக் கோடி பீங்கான் விதைகளின்மேல் மக்கள் நடப்பதைச் சில நாளிலேயே நிறுத்த வைத்தது வெறும் தூசி.

கணக்கை முதலிலிருந்து போட்டுக் கொடுத்த பொறியாளர், ராத்திரியெல்லாம் சாரம் பிடித்த தம்பிகள், உடைந்த துண்டுகளைக் குப்பையில் தள்ளாமல் எண் போட்டுப் பெட்டியில் அடுக்கிய துப்புரவு அக்காக்கள், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காத பார்வையாளர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி தினமும் கதவு திறக்கும் முன் ஒருவர் டார்ச்சோடு மேலேறி பன்னிரண்டு கயிறுகளின் மேல் முனை, கீழ் முனை, இருபத்துநான்கு கோடுகளையும் பார்ப்பார். பார்க்காமல் கதவு திறக்காது. அக்காவின் பாட்டில் காலியாகிவிட்டது. புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம், அதே சிவப்பு.