எம்.பி.ஏ.வின் அக்காவுக்காக ஒரு மடல்

பி.பி.ஏ. பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வணிக நிர்வாகவியலில் இளநிலைப் பட்டம் வாங்கியவன். இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்புதான். அவர்களிடம் இன்று நான் காணும் குறை அன்று என்னிடமும் இருந்தது. அதனால் இந்த முறையீட்டில் பாதி என் தலையிலேயே விழும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்: "இந்தக் காலாண்டில் லாபம் வந்திருக்கிறது. ஆனால் சம்பளம் போட வங்கியில் பணம் இல்லை. எப்படி?" மேலாண்மைக்கு ஃபயோல் வகுத்த 14 கோட்பாடுகளை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்காகப் பிரித்து எழுதும் ஸ்வாட் கட்டம் போடச் சொன்னால் அடிக்கோல் இல்லாமலே போடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் விழித்தேன்.

அவரே ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். ஒரு சரக்கை 80-க்கு வாங்கி, அன்றே 100-க்குக் கடனில் விற்கிறோம். கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் தரவேண்டும். வாங்கியவரிடமிருந்து 90 நாளில்தான் பணம் வரும். ஏட்டில் 20 லாபம் விற்ற அன்றே ஏறிவிடும். இடையில் 60 நாளைக்கு 80 கையை விட்டுப் போயிருக்கும். விற்பனை இரட்டித்தால் லாபம் 40 ஆகும், பள்ளமும் 160 ஆகும். "வேகமாக வளர்கிற கம்பெனிக்குத்தான் முதலில் மூச்சுத் திணறும்" என்றார்.

இது பாடத்தில் இல்லாமலில்லை. நடைமுறை மூலதனம், அதாவது அன்றாட வியாபாரம் ஓடத் தேவையான பணம், என்ற தலைப்பில் வரையறை, வகைகள், முக்கியத்துவம் என்று வரிசையாக இருந்தது. எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அது சம்பள நாளன்று ஒரு அலுவலகத்தில் நிலவும் அமைதியைப் பற்றிய பாடம் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

மேலாண்மையில் ஒவ்வொரு கருத்தும் யாரோ ஒருவர் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. நீங்கள் அந்தப் பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, விடையை மட்டும் எண் போட்டுத் தருகிறீர்கள்.

ஃபயோலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரெஞ்சு சுரங்க நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். அது நொடித்துப்போகும் நிலையில் இருந்த 1888-இல் தலைமைப் பொறுப்பேற்று, நிமிர்த்தி, 1918 வரை நடத்தினார். அந்த அனுபவத்தைத்தான் 1916-இல் எழுதி வெளியிட்டார். கோட்பாடுகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, தான் அதிகம் பயன்படுத்தியவற்றை மட்டும் சொல்கிறேன், மேலாண்மையில் இறுக்கமான விதி என்று எதுவும் இல்லை, எல்லாம் அளவைப் பொறுத்தது என்கிறார். அந்த மனிதரைத்தான் '14 கோட்பாடுகளை விளக்குக' என்ற ஒற்றை வரிக்குள் அடைத்திருக்கிறோம். 13 எழுதினால் மதிப்பெண் குறைகிறது!

தொழிலாளர் வேலையை அளந்து திறனைக் கூட்ட முயன்ற அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் கதை இன்னும் சுவையானது. 1911-இல் வெளியான தம் நூலில், இரும்புக் கட்டி சுமக்கும் ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்கிறார். ஷ்மிட் என்று அவருக்குப் பெயர் வைக்கிறார். நாளுக்கு 12.5 டன் சுமந்தவர், சொன்னபடி ஓய்வெடுத்துச் சொன்னபடி நடந்ததால் 47.5 டன் சுமந்தாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. எங்களுக்கு இதைத் திறன் கூடிய கதையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை 3.8 மடங்கு, கூலி 1.6 மடங்கு என்று யாரும் கரும்பலகையில் வகுத்துப் பார்க்கவில்லை. வகுத்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் கூலி, திறன், நியாயம், தொழிற்சங்கம் எல்லாமே வகுப்புக்குள் வந்திருக்கும். அப்புறம், ரெக், பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, டெய்லர் சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை என்று 1974-இல் எழுதினார்கள். அது என் பாடநூலில் இல்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது வேலைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து.

மனிதத் தேவைகளை வரிசைப்படுத்திய உளவியலாளர் மாஸ்லோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'மாஸ்லோவின் பிரமிடை வரைக' என்று கேட்கிறீர்கள். 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. தேவைகளின் வரிசை எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்காது என்றும் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

இப்படி ஆனதற்கு ஒரு காரணம், நாம் பி.பி.ஏ.வை எம்.பி.ஏ.வின் தங்கையாக நினைப்பது. அங்கே இரண்டு ஆண்டுகளில் நடத்துவதை இங்கே மூன்று ஆண்டுகளாக நீட்டி, கொஞ்சம் நீர்க்கவிட்டுத் தருகிறோம். உண்மையில் இதுதான் அக்கா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி 1881-இல் இளநிலைப் படிப்பாகத்தான் தொடங்கியது. ஹார்வர்டில் எம்.பி.ஏ. என்ற பட்டம் வந்தது 1908-இல். அக்காவுக்குத் தங்கையின் பழைய சட்டை எதற்கு?

மேலாளராக இருந்து பார்க்காதவருக்கு வகுப்பறையில் மேலாண்மையைக் கற்பித்துவிட முடியாது என்று மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். எம்.பி.ஏ.வைப் பற்றிச் சொன்னது அது. 18 வயதில், யாரையும் நிர்வகித்திராத, யாராலும் நிர்வகிக்கப்பட்டிராத பிள்ளைகளுக்கு அது எத்தனை மடங்கு பொருந்தும்! முதல் பருவத்திலேயே அவர்களைத் தலைமை நிர்வாகியாகக் கற்பனை செய்து முடிவெடுக்கச் சொல்கிறோம். முதல் நாள் வேலையில் அவர்களிடம் யாரும் முடிவு கேட்கப் போவதில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கச் சொல்வார்கள், ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தரச் சொல்வார்கள். இரண்டிலும்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன். முதல் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பட்டம் வாங்கும்வரை அதை விடக்கூடாது. கணக்கியல் வகுப்பில் அதன் ஆண்டறிக்கையைப் படிக்கட்டும். சந்தையியலில் அது யாருக்கு, ஏன் விற்கிறது என்று பார்க்கட்டும். சட்டப் பாடத்தில் அதன்மேல் உள்ள வழக்குகளைத் தேடட்டும், மனிதவளப் பாடத்தில் ஆட்கள் ஏன் விட்டுப்போகிறார்கள் என்று கேட்கட்டும். ஆண்டறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனம் ஒரு தடவையாவது சறுக்கும், அதன் தலைவர் பங்குதாரர்களுக்குச் சமாதானம் எழுதுவார். அந்தச் சமாதானத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியவில்லை. ஐந்து பேர் குழுவில் ஒருவர் செய்து நால்வர் பக்கத்தில் நிற்கும் வழக்கமான செயல்திட்டத்துக்குப் பதில் இதை வையுங்கள். ஆளுக்கு ஒன்று, ஒட்டிக்கொள்ள இடமில்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும்: மாணவர் எண்ணிக்கை. நியாயம்தான். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெறுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வணிகப் படிப்புக்காரர். இவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் பட்டியல் கேள்விதான் வசதி. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலைக் கைப்பேசி நொடியில் சொல்லிவிடுகிறது. அதை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு நான் ஏன் சம்பளம் தர வேண்டும் என்று முதலாளி கேட்டால், நேர்காணல் மேசையில் இந்தப் பக்கம் இருக்கிற எனக்கும் பதில் இல்லை.

சரி, பாடத்திட்டம் முழுவதையும் மாற்ற ஆண்டுகள் ஆகும். அடுத்த தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். 'நடைமுறை மூலதனத்தின் வகைகளை விளக்குக' என்ற இடத்தில், மேலே நான் எழுதிய 80, 100, 30, 90 என்ற நான்கு எண்களைக் கொடுத்து, 'விற்பனையை இரட்டிக்கலாம் என்கிறார் முதலாளி. நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஒரு பக்கத்தில் எழுதுக' என்று கேளுங்கள். திருத்த ஆள் போதவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள். சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்