ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்புக் கேட்டு பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை நடந்தது தங்கள் கவனத்துக்கு வந்திருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்திய மின்சாரம் மாலையே வந்துவிட்டது. எங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் மட்டும் டிரிப் ஆனபடியே கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை திறந்தபோது ஈஸ்ட், பாக்டீரியாவை உறையவைத்துப் பாதுகாக்கக் கிளிசரால் திரவத்தில் வைத்திருந்த குழாய்கள் எல்லாம் உருகிப் போயிருந்தன.

இந்த ஃப்ரீசரை ஜெனரேட்டர் லைனில் சேர்க்கும்படி கேட்ட கோப்பு தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. புது ஜெனரேட்டர் கேட்கவில்லை. நிர்வாகக் கட்டடத்துக்கு ஓடுகிற அதே ஜெனரேட்டர் போதும்.

“ஈஸ்ட்தானே, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார் ஓர் அலுவலர். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கடையில் கிடைக்கும். எங்கள் ஆய்வகத் தங்கை ஒருத்தி உருவாக்கியது எங்கும் கிடைக்காது. ஈஸ்ட்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களில் ஒன்றை நீக்க வேண்டும். வேறொரு மரபணு நீக்கிய ஈஸ்ட்டோடு அதை இணைசேர்க்க வேண்டும். பட்டினி போட்டு வித்து (ஸ்போர்) உண்டாக்கி, ஒட்டிக்கிடக்கும் நான்கு வித்துகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கை சற்று நடுங்கினாலும் அன்றைய வேலை வீண். அப்படிச் சேர்த்தவை அவள் முனைவர் பட்டத்தின் முழு உழைப்பு.

பல குழாய்களில் எதுவும் முளைக்கவில்லை. முளைத்தவற்றையும் நம்ப முடியாது என்பதுதான் பெரிய வேதனை. அவை மெதுவாக வளரும் ரகங்கள். பிழைத்த கொஞ்ச செல்களில் மரபணுவில் வேறொரு மாற்றம் ஏற்பட்ட ஒன்று வேகமாக வளர்ந்து வளர்ப்புத் தட்டை நிறைத்துவிடும். அதை வைத்து முடிவு எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒவ்வொன்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். அதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும்.

செல் எப்படிப் பிரிகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் ஹார்ட்வெல் இப்படி மரபணு மாறிய ஈஸ்ட் ரகங்களை வைத்தே கண்டறிந்தார். ஈஸ்ட் இழந்த மரபணுவின் வேலையை மனித மரபணு ஒன்று செய்துவிடுகிறது என்று 1987-இல் பிரிட்டன் விஞ்ஞானி பால் நர்ஸின் ஆய்வகம் காட்டியது. புற்றுநோயைப் புரிந்துகொள்ள அது வழிவிட்டது. 2001-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும், குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் மரபணுவைச் சேர்த்துத்தான் தயாராகின்றன. விழா மேடையில் ஆராய்ச்சியைப் புகழ்கிறீர்கள். தரவரிசைக்கு எங்கள் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குகிறீர்கள். உதவித்தொகையோ மாதக்கணக்கில் தாமதமாகிறது. மின்தடை அன்று ஆளில்லாத கூட்ட அரங்கில் ஏ.சி. ஓடுகிறது, ஆய்வகம் இருட்டில் கிடக்கிறது. இது நியாயமா ஐயா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு, வெப்பநிலை ஏறினால் காவலர் அறையில் ஒலிக்கும் ஓர் அலாரம். அடுத்த பராமரிப்பு மின்தடைக்கு முன் அந்தக் கோப்பில் கையெழுத்திடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மரபியல் ஆய்வக மாணவர்கள் சார்பில்
ஓர் ஆராய்ச்சி மாணவி