மழை வந்தால் கடிகாரத்தை நிறுத்துங்கள்: 24 மணி நேர பைக் ரைடு நடத்தும் கிளப்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து கிளம்பி 24 மணி நேரத்துக்குள் 1600 கிலோமீட்டர் ஓட்டி முடிக்கும் ரைடுகளை நீங்கள் நடத்தி வருகிறீர்கள். சொந்தக் காசைப் போட்டு, சனி ஞாயிறுகளைத் தொலைத்து, வழித்தடம் வகுத்து, ஓடிய தூரத்துக்கும் நேரத்துக்கும் சான்றாக வந்து குவியும் பெட்ரோல் பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இதைச் செய்கிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எனக்கு நெடுஞ்சாலையைப் பழக்கியதே உங்களைப் போன்றவர்கள்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

உங்கள் விதிமுறைத் தாளில் ஹெல்மெட் பற்றி இருக்கிறது. டயர், இன்சூரன்ஸ், பில் எடுக்க வேண்டிய இடங்கள் எல்லாம் இருக்கின்றன. மழை கொட்டினால் ரைடை நிறுத்துவது யார், எப்போது, நேரம் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதுங்கள். அடுத்த ரைடின் தேதியை அறிவிக்கும் முன்பே எழுதுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், ஆனாலும் ஒருமுறை சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 1600 கிலோமீட்டரை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 67. பெட்ரோல், சாப்பாடு, கொஞ்சம் கண்ணயர்வது என்று மூன்று மணி நேரம் போனால், ஓடும்போது சராசரி 76 வேண்டும். நான்கு வழிச்சாலையில் இரு சக்கர வண்டிக்கு ஒன்றிய அரசு 2018இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80. ஆக, வெயில் காயும் நாளிலேயே கையில் மிச்சம் அதிகமில்லை. இப்போது நடுவில் நான்கு மணி நேரம் நல்ல மழை என்று வையுங்கள். பொறுப்பாக ஓட்டுகிறவர் அந்த நேரத்தில் மணிக்கு 45 போவார். 180 கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்கும். மீதி 1420 கிலோமீட்டரைப் பதினேழு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சராசரி 83ஐத் தாண்டிவிடுகிறது. அதாவது மழை பெய்த நாளில் சட்டத்தை மதித்து ஓட்டும் ரைடரால் உங்கள் ரைடை முடிக்கவே முடியாது. முடிப்பவர் ஈரச் சாலையில் வேகமாகப் போனவராக இருப்பார், இல்லையென்றால் தூங்காமல் போனவராக இருப்பார். மேடையில் நீங்கள் மாலை போடுவது அவருக்குத்தான்.

இதன் மூல வடிவத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் நெடுந்தூர பைக் ஓட்டிகள் சங்கமான அயர்ன் பட் அசோசியேஷன் தரும் ‘சேடில்சோர்’ சான்றிதழ் 24 மணி நேரத்தில் 1000 மைல். அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. இந்தத் தேதியில்தான் ஓட்ட வேண்டும் என்றும் கிடையாது. வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளைப் பார்த்து ஒருவர் தனியாகக் கிளம்பலாம். தேதியை இறுக்கிப் பிடித்தது நாம்தான். பேனர் அடித்தாயிற்று, டீ-ஷர்ட் வந்தாயிற்று, கொடியசைக்க ஆள் சொல்லியாயிற்று, ஸ்பான்சர் காத்திருக்கிறார். அப்புறம் மழை வந்தால் என்ன செய்வது? “பார்த்து ஓட்டுங்க” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போகிறது. அதோடு சரி.

‘பார்த்து ஓட்டுவது’ ஏன் போதாது என்பதைச் சொல்ல வேண்டும். சித்ரதுர்கா தாண்டி, இரவு இரண்டரை மணிக்கு மேல், ஒரு பங்கில் நான் நின்றிருந்தேன். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் மேட்டுப் பகுதி அது. காற்றுக்குப் பஞ்சமே இல்லை. நம் ரைடைச் சேர்ந்த ஒரு தம்பி வந்து நின்றார். ரெயின்கோட்டின் தொடையிடைத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே போட்டிருந்த பருத்தி பனியன்வரை நனைந்திருந்தது. டேங்க் மூடியில் சாவியை நுழைக்க முடியவில்லை. விரல் மடங்கவில்லை. பங்க் பையன்தான் வாங்கித் திறந்தான். பில்லைக் கொடுத்தபோது அதை ஜிப் கவருக்குள் போடத் தெரியாமல் உள்ளங்கையிலேயே கசக்கிக்கொண்டு நின்றார். “டீ குடிங்க, ஒரு மணி நேரம் உட்காருங்க” என்றேன். “முடியாதுண்ணா, டைம் போயிடும்” என்றார். அந்த மூன்று வார்த்தையும் குழறித்தான் வந்தன. தோளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. அவர் பத்திரமாக வீடு சேர்ந்தார். ஆனால் அந்த இடத்தில் யாரும் இல்லாமல் போயிருந்தால் அவர் வண்டியைக் கிளப்பியிருப்பார்.

ஈர உடையோடு மணிக்கு எழுபது, எண்பதில் காற்றைக் கிழித்துப் போகும்போது வெப்பநிலை இருபது டிகிரி இருந்தாலே உடல் சூடு வேகமாக வெளியேறும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதைத்தான் மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் நடுக்கம், அப்புறம் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, பேச்சு குழறும், முடிவெடுக்கும் திறன் மங்கும். முற்றிப்போனால் நடுக்கம் நின்றுவிடும். குளிர் விட்டுவிட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வார். இதோடு விடியற்காலை மூன்று மணித் தூக்கமும் சேர்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் “உங்களால் முடியவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவது முறையா? பகல் பொழுதில், சாப்பிட்டு முடித்து, தெளிவாகப் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஆனால் நனைந்து நடுங்கி நிற்கும்போது அந்தத் தெளிவு அவரிடம் இருக்காது. முடிவை வேறொருவர் எடுக்க வேண்டும். அதுவும் காய்ந்த உடையோடு, தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

“மழையும் சேர்ந்ததுதானே எண்டூரன்ஸ்”, அதாவது தாக்குப்பிடிக்கும் ஓட்டம், என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உலகிலேயே கடுமையான ராலி என்று பெயரெடுத்த டக்காரை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில், பொலிவியாவில் கிட்டத்தட்ட 3650 மீட்டர் உயரத்தில் இருக்கும் உயுனி உப்புச் சமவெளியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதன் மேலேயே பைக்குகளை அனுப்பினார்கள். உப்புநீர் தெறித்து வயரிங்குக்குள் போயிற்று, ரேடியேட்டரில் உப்பு படிந்து இறுகியது. முன்னணியில் இருந்த ஹோண்டா வீரர் ஜோன் பாரெடாவின் வண்டி படுத்துவிட்டது. அதோடு அவருடைய பட்டக் கனவும் போயிற்று. வீரர்கள் பலர் வெளிப்படையாகவே கொதித்தார்கள். நம் நாட்டின் சி.எஸ். சந்தோஷ் டக்காரை முடித்த முதல் இந்தியர் ஆனதும் அதே ஆண்டில்தான், 36ஆவது இடம். அந்த உப்புநீரைக் கடந்து வந்த மனிதர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் அதே டக்கார், 2017இல் பொலிவியாவில் வானிலை மோசமானபோது ஒரு கட்டத்தை முழுதாக ரத்து செய்தது. சில நாள் கழித்து அர்ஜென்டினாவில் மண்சரிவு வந்தபோது இன்னொரு கட்டத்தையும் ரத்து செய்தது. 2018இலும் ஒன்று ரத்தானது. அதனால் டக்காரின் பெயர் குறைந்துவிடவில்லை. ஹெலிகாப்டரும் மருத்துவர் குழுவும் கூடவே வரும் போட்டியே நிறுத்துகிறது. நம் ரைடர்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?

அயர்ன் பட் ராலியின் அமைப்பும் யோசிக்க வேண்டியது. பதினோரு நாள், ஏறத்தாழ 11,000 மைல். 1984இல் தொடங்கியது. அங்கே ஒரே பாதை கிடையாது. புள்ளிகள் உள்ள இடங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுப்பார்கள். எதற்குப் போவது, எதை விடுவது என்பது ஓட்டுபவரின் திட்டம். ஒரு பக்கம் புயல் என்றால் அந்தப் பக்கத்துப் புள்ளிகளை விட்டுவிட்டு வேறு பக்கம் போகலாம். ஓய்வெடுப்பதற்கும் புள்ளி உண்டு. வானிலையைப் பார்த்து விலகத் தெரிந்தவருக்கு அந்தப் போட்டியில் மதிப்பு இருக்கிறது. நம் ரைடில் பெங்களூரு, ஹுப்பள்ளி, பெலகாவிப் பக்கம் போய் அதே சாலையில் திரும்புவது ஒன்றுதான் வழி. மழை அந்தச் சாலையில் நின்றால் விலக இடமே இல்லை. அதனால்தான் நிறுத்தும் விதி நமக்கு அவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

நான் கேட்பது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைச் சில நாள் முன்பே தருகிறது. பாதையில் உள்ள ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு ரைடு நாளில் ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் ரைடு தள்ளிப்போகும், கட்டிய பணம் அடுத்த தேதிக்குச் செல்லும் என்று எழுதிவிடுங்கள். அத்துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டுவதைக் கனமழை என்றும், 115.6இலிருந்து மிக கனமழை என்றும் வகுத்து வைத்திருக்கிறது. அளவுகோலுக்கு நாம் தவிக்க வேண்டியதில்லை. கிளம்பிய பிறகு மழை பிடித்தால், ரைடு ஓட்டாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைப் பார்த்து, “எல்லோரும் அருகிலுள்ள பங்கிலோ டோல்கேட்டிலோ நில்லுங்கள், கடிகாரம் நின்றுவிட்டது” என்று சொல்லும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். நின்ற நேரம் கணக்கில் வரக் கூடாது. வெளிநாட்டுச் சான்றிதழுக்கு அது செல்லாது என்றால், அந்தச் சான்றிதழை ரைடர் வேறொரு நாளில் தானே ஓட்டி வாங்கிக்கொள்ளட்டும். கிளப்பின் பதக்கத்தை நீங்கள் கொடுங்கள்.

நேரமும் சராசரி வேகமும் வைத்து நடக்கும் டி.எஸ்.டி. (டைம்–ஸ்பீடு–டிஸ்டன்ஸ்) ராலிகளில் சீக்கிரம் வந்தாலும் தண்டனைப் புள்ளி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மழைக்கென்று தனி நேர அட்டவணை. ஈரச் சாலையில் ஒரு செக்பாயின்ட்டிலிருந்து அடுத்ததுக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் வந்தவரின் ரைடு செல்லாது என்று வைத்தால், வேகம் தானாக இறங்கும்.

பாதியில் நிறுத்தியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடித்தவர்கள் பட்டியல் படத்தோடு வெளியாகிறது. நிறுத்தியவர்கள் பெயர் எங்கும் இருப்பதில்லை. மறுநாள் குழுவில் யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை, நம் ஆட்கள் நல்லவர்கள். ஆனால் அந்த மௌனமே ஒருவரை அடுத்த முறை மழையில் நிற்க விடாது. ‘900 கிலோமீட்டர், வானிலை காரணமாக நிறுத்தினார்’ என்று அதே பட்டியலில் போடுங்கள். அடுத்த ரைடில் அவருக்குக் கட்டணம் வேண்டாம்.

மழையில் ஓட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழையில் ஓட்டுவது ஒரு தனித் திறமை. முதல் தூறலில் சாலையில் எண்ணெய்ப் பசை மேலே வருவது, வெள்ளைக் கோட்டிலும் பாலத்தின் இரும்பு இணைப்பிலும் பிரேக் தொடக் கூடாது என்பது, ஹெல்மெட் வைசர் பனிக்காமல் வைத்துக்கொள்வது, எல்லாம் ஓட்டி ஓட்டித்தான் வரும். அதற்குப் பகலில், கடிகாரம் இல்லாமல், நூறு கிலோமீட்டருக்குள் ஒரு பயிற்சி ரைடு வையுங்கள். முதல் ஆளாக வருகிறேன்.

நெடுஞ்சாலையே மூடிவிடும் நாட்களும் வரத்தான் செய்கின்றன. 2019 ஆகஸ்ட்டிலும் 2021 ஜூலையிலும் பஞ்சகங்கை ஆறு பெருகி, கோலாப்பூர் அருகே பெங்களூரு–புனே சாலை அடைபட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் வெள்ளம் ஓடி, சென்னை–திருச்சி போக்குவரத்து நின்றது. அப்படி ஒரு இரவில் நம் ஆட்கள் சாலையில் சிதறிக் கிடந்தால் யாருக்கு போன் செய்வது என்றுகூட இப்போது தாளில் இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் இந்தப் பாதை பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும். முடிந்தால் தேதியை அங்கே வையுங்கள். அக்டோபர், நவம்பரில்தான் நடத்த வேண்டும் என்றால், இரவு முழுக்க வானிலையைப் பார்த்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ரைடில் நான் ஓட்டவில்லை. அந்த வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரைடுகளில் ஓட்டிவரும் ஒருவன்