செயலாளரின் ஆண்டறிக்கை, 2011–12: டின்டின் திரைக்கு வந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் துறந்து குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2011 ஏப்ரல் முதல் 2012 மார்ச் முடிய நம் சித்திரக்கதை வாசகர் வட்டம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாக இவ்வறிக்கை, எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், தேநீருக்கு எவ்வளவு செலவானது என்ற அளவில் முடிந்துவிடும். இவ்வாண்டு ஒரே ஒரு திரைப்படம் நம் எட்டு மாதங்களை எடுத்துக்கொண்டதாலும், அதைப் பற்றி உறுப்பினர்கள் சொன்னவற்றைக் குறிப்பேட்டில் எழுதி எழுதி என் கை வலித்ததாலும், அதையே அறிக்கையின் பொருளாக வைத்துக்கொள்ளத் தலைவரிடம் அனுமதி பெற்றேன்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில், பீட்டர் ஜாக்சன் தயாரிப்பில், பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் சித்திரக்கதை நாயகனான இளம் நிருபர் டின்டின் அனிமேஷன் படமாக வரப்போகிறது என்ற செய்தி உறுதியானதும், ஜூலைக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம்: மூலக்கதைகளைப் படிக்காமல் ஒருவரும் திரையரங்கிற்குள் நுழையக் கூடாது. படத்தின் கதை ஹெர்ஜேயின் மூன்று புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டது. டின்டினும் கேப்டன் ஹேடாக்கும் கராபூஜான் கப்பலில் முதன்முதலாகச் சந்திக்கும் ‘தங்க நகங்கள் கொண்ட நண்டு’, கப்பல் பொம்மைகளுக்குள் மறைந்திருக்கும் மூன்று தோல்சுருள்களைத் தேடும் ‘யூனிகார்னின் இரகசியம்’, அதன் தொடர்ச்சியான ‘சிவப்பு ரக்காமின் புதையல்’ ஆகியவை அவை. நம் நூலகத்தில் இவற்றுள் ஒன்றுதான் இருந்தது. அதிலும் நடுப்பக்கம் இல்லை. எனவே நால்வர் கொண்ட குழு ஒன்று மூன்று ஞாயிறுகள் தில்லி தரியாகஞ்ச் நடைபாதைச் சந்தையில் அலைந்தது. பொறியியல் நுழைவுத்தேர்வு வழிகாட்டிகளின் அடுக்குக்கு அடியிலிருந்து இரண்டு பிரதிகளை மீட்டு வந்தார்கள். பழைய பொருள் சந்தையில் டின்டின் அந்தக் கப்பல் பொம்மையைப் பேரம் பேசி வாங்கும் முதல் காட்சியை, நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கிய பிரதியில் படித்தோம் என்பது என் சொந்த மகிழ்ச்சி, குறிப்பேட்டில் இல்லாதது.

படம் இந்தியாவில் 11-11-2011 அன்றே வெளியானது. அமெரிக்க ரசிகர்கள் டிசம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், நம் இளைய உறுப்பினர்கள் சிலர் சில வாரங்களுக்குத் தலைகால் புரியாமல் திரிந்தார்கள். நவம்பர் 13, ஞாயிறன்று தென் தில்லியில் ஒரு திரையரங்கில் 28 இருக்கைகளுக்கு முன்பதிவு செய்திருந்தோம். அவற்றுள் 6 இருக்கைகள் வேறு குடும்பத்திற்கும் விற்கப்பட்டிருந்ததால், பெயர்கள் ஓடி முடியும்வரை நானும் பொருளாளரும் படிக்கட்டில் நின்றோம். இதனால் நாங்கள் இழந்தது சிறிதல்ல. அந்தத் தொடக்கப் பகுதிதான், நிழலுருவங்களும் தட்டையான நிறங்களுமாக, ஹெர்ஜேயின் பக்கத்துக்கு மிக அருகில் இருந்ததாகப் பின்னர் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

நவம்பர் 20ஆம் தேதி நடந்த கருத்துக் கூட்டம் காலை 10 மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் போனது. எதிர்பார்த்தபடியே முதல் குற்றச்சாட்டு கதை மாற்றத்தைப் பற்றியது. புத்தகத்தில் சக்காரின் என்பவர் தாடி வைத்த, பழைய பொருள்களைச் சேர்க்கும் அப்பாவி மனிதர். வில்லன்கள் பேர்டு சகோதரர்கள். படத்தில் அந்தச் சகோதரர்கள் காணாமல் போய், டேனியல் கிரெய்க்கின் குரலிலும் நடிப்பிலும் சக்காரினே கடற்கொள்ளையன் சிவப்பு ரக்காமின் வாரிசாகிவிட்டார். பேராசிரியர் கால்குலஸுக்கோ இடமே இல்லை. காது கேளாத அந்த மனிதரும் அவருடைய சுறாமீன் வடிவ நீர்மூழ்கியும் இல்லாமல் புதையல் வேட்டை என்ன வேட்டை என்று மயூர் விஹார் உறுப்பினர் ஒருவர் கேட்டபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. இறுதியில் துறைமுகக் கிரேன்கள் இரண்டு வாள்போல் மோதிக்கொள்ளும் சண்டையையும், விமானத்தின் எரிபொருள் கலத்துக்குள் ஹேடாக் சாராய ஏப்பம் விடும் இடத்தையும் ஆதரித்துப் பேச, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் முன்வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆனால் இந்தக் கதைக் கணக்கெல்லாம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. நம் உறுப்பினர்களை உண்மையில் உறுத்தியது வேறு. அதை வெளியே கொண்டுவந்தவர், பொதுப்பணித் துறையில் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர். அவர் பேச்சைத் தொடங்கும் முன் வெண்பலகையருகே சென்று, பேனாவை எடுக்காமல் ஒரு வட்டம் இழுத்தார். உள்ளே இரண்டு புள்ளிகள், மூக்குக்கு ஒரு சிறு வளைவு, வாய்க்கு ஒரு கீற்று. கடைசியாக நெற்றியின் மேல் ஒரு சுழி. அந்தச் சுழி விழுந்த கணத்தில் முன்வரிசைக் குழந்தைகள் “டின்டின்!” என்று கத்தினார்கள். “அவ்வளவுதான் அவன். இதற்கு மேல் ஒரு கோடு போட்டாலும் அவன் வேறு யாரோ ஆகிவிடுவான்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதைச் சற்று விரித்து எழுதுவது என் கடமை. ஹெர்ஜேயின் ஓவியமுறை, எங்கும் ஒரே தடிமன் உள்ள கோடு, அழுத்தமான நிழல் இல்லாத தட்டையான நிறம் என்ற இரண்டின் மேல் நிற்பது. ‘தெளிகோடு’ என்று தமிழில் சொல்லலாம். பின்னணியில் கப்பலும் விமானமும் தெருவும் ஆணி முதற்கொண்டு சரியாக இருக்கும். அவற்றின் நடுவே முகம் மட்டும் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையில்தான் படிப்பவன் தன்னைக் கொண்டுபோய் வைக்கிறான். ஸ்பீல்பெர்க்கின் படமோ, ஜேமி பெல், ஆண்டி செர்கிஸ் முதலிய நடிகர்களின் உடலசைவையும் முகபாவத்தையும் கருவிகளால் பதிந்து, நியூசிலாந்தின் வெட்டா நிறுவனத்தின் கணினிகளில் உருவாக்கப்பட்டது. ஆகவே தோலில் மயிர்க்கால் தெரிகிறது, கம்பளிச் சட்டையின் நூல் தெரிகிறது. கரோல் பாக் உறுப்பினரின் மகள், ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி, எழுந்து டின்டினையும் அவன் நாய் ஸ்நோயியையும் பற்றிப் பெரியவரிடம் சொன்னதைப் பேச்சுவழக்கிலேயே பதிவு செய்திருக்கிறேன்: “தாத்தா, ஸ்நோயி நல்லா இருக்கு. டின்டினைப் பார்த்தாதான் பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி ஒரு மாதிரியா இருக்கு.” மனிதனை ஏறக்குறைய ஒத்திருந்தும் முழுதும் ஒவ்வாத உருவம் தரும் இந்தக் கலக்கத்தை ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதிவைத்திருக்கிறார். ஸ்நோயி அந்தச் சிறுமியைத் தொந்தரவு செய்யாததற்கும் காரணம் உண்டு: நாயின் அசைவு நடிகரிடமிருந்து பதியப்பட்டதல்ல, அனிமேஷன் கலைஞர்கள் கையால் அமைத்தது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. தெருவோர ஓவியர் ஒருவர் டின்டினின் உருவத்தை வரைந்து கொடுக்கும் தொடக்கக் காட்சியை நினைவூட்டினார்கள். அந்த ஓவியர் ஹெர்ஜேயின் சாயலில் இருக்கிறார். அவர் நீட்டும் தாளில் இருப்பது அதே இரண்டு புள்ளி, அதே சுழி. மூலத்துக்கும் தனக்கும் உள்ள தூரத்தை இப்படம் அறிந்தே இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகவே பட்டது. 1991–92இல் வந்த 39 பகுதித் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள், ‘அதில் கோடு இருந்தது, கட்டத்துக்குக் கட்டம் புத்தகம் இருந்தது, ஆனால் மூச்சு இல்லையே’ என்று தம் தரப்பைத் தாமே விட்டுக்கொடுத்ததும் நடந்தது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு காட்சி. தன் மூதாதை சர் பிரான்சிஸ் ஹேடாக் கடற்கொள்ளையரோடு போரிட்ட கதையைக் கேப்டன் டின்டினுக்குச் சொல்லும் இடம் அது. புத்தகத்தில் இது கேப்டனின் வீட்டு அறையில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் சர் பிரான்சிஸ் கப்பல் தளத்தில் வாள் வீசுவார். அடுத்த கட்டத்தில் அதே நிலையில் கேப்டன் தன் அறையில் வாள் வீசுவார். முடிவில் மூதாதையின் ஓவியத்தைக் கிழித்துக்கொண்டு கேப்டனின் தலை வெளியே வரும். பக்கத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல்தான் அங்கே காலத்தை ஓட்டுகிறது. சிரிக்க வேண்டுமென்றால் ஒரு கட்டம் பின்னால் போய் மீண்டும் சிரிக்கலாம். படத்தில் இதே கதை பாலைவனத்தில் தொடங்குகிறது. தாகத்தில் பிதற்றும் ஹேடாக்கின் கண் முன் மணல்மேடு அலையாக எழ, அதன் முகட்டில் யூனிகார்ன் ஏறி வருகிறது. இதைக் கண்டபோது திரையரங்கில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், ஆம், அதே வரைவாளர், முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். கூட்டத்தில் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “சினிமாவால் மட்டும் முடிவதை அங்கே செய்துவிட்டான்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வருகிற துரத்தல் என்னைக் கேட்காமல் ஓடுகிறது” என்றார். மொராக்கோ நகரின் சரிவில், இடையில் வெட்டே இல்லாமல் ஒரே வீச்சில் செல்லும் அந்தத் துரத்தல் இளைஞர்களுக்குப் படத்தின் உச்சம். சித்திரக்கதையை முப்பது ஆண்டு படித்தவர்களுக்கோ பக்கம் புரட்டும் உரிமை பறிபோன இடம். இந்தப் பிளவு வயதைப் பொறுத்ததன்று, படிக்கும் பழக்கத்தைப் பொறுத்தது என்று நான் நினைக்கிறேன். இரும்புக்கை மாயாவியைச் சிவகாசிக் கறுப்பு வெள்ளைத் தாளில் கட்டம் கட்டமாக நின்று படித்தவர்கள் வயது வேறுபாடின்றி ஒருபுறம் இருந்தார்கள்.

அக்கூட்டத்திற்குச் சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து விருந்தினராக வந்த வங்க அம்மையார், நம் ஸ்நோயி அவர்களுக்குக் ‘குட்டுஸ்’ என்று சொல்லி எல்லோரையும் பொறாமைப்பட வைத்தார். ஆனந்தமேலா இதழில் கவிஞர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் டின்டினைப் படித்து வளர்ந்தவர் அவர். படத்தில் நாயை ஆங்கிலப் பெயரில் அழைத்த ஒவ்வொரு முறையும் தனக்கு அந்நியமாக இருந்தது என்றார்.

அதிலிருந்து பிறந்ததுதான் டிசம்பர் மாதத்து வசைப் போட்டி. கேப்டன் ஹேடாக் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. சிறுவர்கள் படிக்கும் இதழ் என்பதால் ஹெர்ஜே அவருக்கு விநோதச் சொற்களையே கொடுத்தார். 1933இல் நான்கு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெயரையே ஒரு வியாபாரி சண்டையில் வசையாக வீசியதைக் கேட்ட நினைவே அதற்கு வித்து என்பார்கள். அவ்விதியை மீறாமல் தமிழில் திட்ட வேண்டும் என்பதே போட்டி. ‘கருவாட்டுக் கலெக்டரே’, ‘ஊசிப்போன உப்புமாவே’, ‘வேற்றுமை உருபே’ ஆகியவை இறுதிச் சுற்றுக்கு வந்தன. மூன்றாவது பரிசு பெற்றது. அதைத் தந்தவர் தமிழாசிரியை என்பதால் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை.

சனவரிக் கூட்டம் மூடுபனியால் நடக்கவில்லை. அம்மாதமே படத்திற்குச் சிறந்த அனிமேஷன் படத்துக்கான கோல்டன் குளோப் விருது கிடைத்தது. ஆஸ்கரில் ஜான் வில்லியம்ஸின் இசை மட்டும் பரிந்துரை பெற்றது, அனிமேஷன் பிரிவில் இடமில்லை. இதைக் கேட்டு இரு தரப்பும் தாமே வென்றதாகக் கருதின. அதே மாதம் சிவகாசியிலிருந்து தமிழ்ச் சித்திரக்கதை இதழான லயன் காமிக்ஸ் மீண்டெழுந்து வந்த சிறப்பிதழை மொத்தமாக வரவழைத்து உறுப்பினர்களுக்கு வழங்கினோம்.

பிப்ரவரியில் குழந்தைகளைக் குதுப் மினாருக்கு அழைத்துச் சென்றோம். திபெத் செல்லும் வழியில் டின்டினும் கேப்டனும் தில்லியில் இறங்கி, 238 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் செங்கோட்டைக்கும் போகும் பக்கங்களை அங்கே புல்வெளியில் உட்கார்ந்து படித்தோம். தெருவை மறித்துப் படுத்திருக்கும் பசுவைத் தாண்டப்போய், அது எழுந்து கேப்டனைச் சுமந்துகொண்டு ஓடும் கட்டத்தைப் பார்த்த சிறுவன் ஒருவன், அது எங்கள் முனிர்கா மாடு என்று உறுதியாகச் சொன்னான். 1960இல் புத்தகமான ‘திபெத்தில் டின்டின்’ கதை அது. அந்த மாட்டை எவ்விதக் கணினியாலும் மேம்படுத்த முடியாது என்று வரைவாளர் பெரியவர் சொன்னதை அன்று ஒருவரும் மறுக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். திரைப்படச் சீட்டுகளுக்கான தொகை அவரவர் கொடுத்தது. வட்டத்தின் நிதியில் கைவைக்கவில்லை. திரையரங்கு திருப்பித் தருவதாகச் சொன்ன 6 இருக்கைகளுக்கான பணம் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தரியாகஞ்சில் வாங்கிய ‘சிவப்பு ரக்காமின் புதையல்’ பிரதி, நவம்பர் 20 கூட்டத்திற்குப் பிறகு நூலக அலமாரிக்குத் திரும்பவில்லை. புதையல் இருக்கும் பூகோள உருண்டையின் பக்கத்தில் நான் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளமாக வைத்திருக்கிறேன். வைத்திருப்பவர் யாராயினும், படித்து முடித்திருந்தால் அடுத்த கூட்டத்தில் தந்துவிடுமாறும், முடிக்கவில்லையென்றால் முடித்துவிட்டே தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
புது தில்லி, 22-4-2012